கட்டுக்கரையிலிருந்து, இலக்கியம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு இலக்கியம் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒப்படைகளையும் கொண்டு என் வீட்டுக்கு வருகிறீர்கள். அதில் அடிக்கடி வருகிற தலைப்பு, இலக்கியத்தில் இனம், வர்க்கம், அறம். அநேகமாக எல்லாரும் அமெரிக்க அடிமைமுறை பற்றியும் தென்னாபிரிக்க நிறவெறி பற்றியும் எழுதியிருப்பீர்கள். அவை அவசியம் படிக்க வேண்டியவை. ஆனால் வாசித்து முடித்தபிறகு, இதை எழுதிய பிள்ளை முருங்கனில் வளர்ந்ததா, ஆதம்பனில் வளர்ந்ததா, வேறெங்கோ வளர்ந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வரி இல்லை. அதுதான் எனக்கு மனவருத்தம். இந்தக் கேள்விகள் எல்லாம் மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வாழ்கிற நமக்கு வாசற்படியிலேயே கிடக்கின்றன. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே இலக்கமிட்டு எழுதித் தருகிறேன்.

1. கதையை முதலில் கதையாக வாசியுங்கள். கையில் பென்சில் வேண்டாம், கோட்பாட்டுப் புத்தகம் பக்கத்தில் வேண்டாம். எட்வர்ட் செயித் ஓடிப்போக மாட்டார். ஒருமுறை மனம் கொடுத்து வாசித்து, ஒருநாள் விட்டு, இரண்டாம் முறை கொப்பியோடு உட்காருங்கள். முதல் வாசிப்பில் உங்களுக்கு எங்கே கோபம் வந்தது, எங்கே வெட்கம் வந்தது, எங்கே சும்மா கடந்து போனீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா கடந்துபோன இடத்துக்குத்தான் இரண்டாம் முறை திரும்பிப் போக வேண்டும்.

2. நம்முடைய கரையிலிருந்து தொடங்குங்கள். சிலாவத்துறை தாண்டித் தெற்கே போனால் மறிச்சுக்கட்டி. 1906இல் அங்கே முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தபோது மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் லெனார்ட் வுல்ஃப். பிற்பாடு வேர்ஜீனியா வுல்ஃபின் கணவராக உலகம் அறிந்த அதே ஆள்தான். மணல்வெளியில் சில வாரங்களுக்கு மட்டும் முளைத்த ஓலைப் பட்டணம், பல்லாயிரம் சனம், தமிழர், முஸ்லிம்கள், கடல் கடந்து வந்த அரபிகள், அழுகும் சிப்பியின் நாற்றம், மொய்க்கும் இலையான்கள் என்று அங்கே கண்டதும் கேட்டதும் சேர்ந்து 1921இல் 'பேர்ள்ஸ் அண்ட் ஸ்வைன்' என்ற சிறுகதையாக வெளிவந்தன. பன்றிகளின் முன் முத்துகளைப் போடாதீர்கள் என்ற மத்தேயு நற்செய்தி வசனத்திலிருந்து எடுத்த தலைப்பு அது. ஞாயிறு பூசைக்குப் போகிற பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை.

கதை இங்கிலாந்தின் கடற்கரை விடுதி ஒன்றில் தொடங்குகிறது. புகைபிடிக்கும் அறையில் பங்குச் சந்தைக்காரர் ஒருவரும் திருச்சபைக் குருவானவர் ஒருவரும் மற்றவர்களும் கிழக்குத் தேசத்து மக்களை எப்படி ஆள வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மக்களோடு நெடுங்காலம் இருந்து திரும்பிய ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முத்துக்குளிப்பு முகாமில் தான் கண்ட ஓர் இரவைச் சொல்கிறார். வைட் என்ற வெள்ளைக்காரன் குடிவெறியில் மூளை கலங்கி, தான் செய்த கொடுமைகளை எல்லாம் கத்தியபடி, கட்டிப்போடப்பட்ட நிலையில் சாகிறான். ஆட்சிமுறை பற்றிப் பெரிய கருத்துகளோடு வந்த ரொப்சன் என்ற இளம் அதிகாரி அதைத் தாங்க முடியாமல் உடைந்துபோகிறான். அதே நேரத்தில் கடலில் இறந்த ஓர் அரபு குளியாளின் உடலைத் தோழர்கள் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அமைதியாக, மரியாதையாக, ஒருவர் முன்வந்து இறந்தவனுக்காகப் பேசுகிறார். இரண்டு சாவுகளை ஒரே மணலில் அருகருகே வைத்து, எவர் நாகரிகம் உள்ளவர் என்று அந்த அறையில் இருந்தவர்களைப் பார்த்துக் கேட்கிறது கதை.

இப்படி ஒரு கதைக்குக் காரணமான மறிச்சுக்கட்டிக் கரை நம் முசலிப் பகுதியிலேயே இருக்கிறது. அதைத் தெரியாமல் ஒரு பிள்ளை இலக்கியப் பட்டம் வாங்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

3. பெயர் யாருக்கு, பேச்சு யாருக்கு, வெறும் உடம்பு மட்டும் யாருக்கு என்று எண்ணுங்கள். எந்தக் கதைக்கும் நான் சொல்லும் முதல் வேலை இது. கொப்பியில் மூன்று பத்தி கீறுங்கள். வுல்ஃபின் கதையில் வெள்ளைக்காரருக்குப் பெயர் உண்டு, குற்றம் உண்டு, பதற்றம் உண்டு. அரபிகளுக்குக் கண்ணியம் உண்டு, ஒரு பிரிவுரை உண்டு. அந்தக் கடலுக்கு உரித்தான நம்முடைய ஆட்கள் எந்தப் பத்தியில் வருகிறார்கள் என்று நீங்களே நிரப்பிப் பாருங்கள். ஆதிக்கத்தை மனசாரக் கண்டித்த ஓர் எழுத்தாளரின் பார்வையிலும் கூட்டமாகவே நின்றுவிட்டவர்கள் இருந்தார்கள் என்பது அப்போது தெரியவரும்.

சினுவா அச்செபே 1975இல் அமெரிக்காவில் நிகழ்த்திய உரையில் ஜோசப் கொன்றாடின் ஆபிரிக்க நாவலை இதே கேள்வியோடுதான் அணுகினார். ஆபிரிக்கா அங்கே வெறும் பின்புலமாகிவிட்டது, ஆபிரிக்கர் மனிதராக வரவில்லை என்றார். அச்செபேயின் நாவல் 'சிதைவுகள்' என்று தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்தவர் நம் நாட்டைச் சேர்ந்த என்.கே. மகாலிங்கம். தேடி வாசியுங்கள்.

4. எழுத்தாளரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பெழுத அவசரப்படாதீர்கள். வுல்ஃப் யூதர், தன் நாட்டிலேயே வேறாகப் பார்க்கப்பட்ட இனத்தில் பிறந்தவர். அதே ஆள் இங்கே அரசாங்க அதிகாரியாக அதிகாரம் செலுத்தினார். 1912இல் வேலையை விட்டார். அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்து ஏழைச் சிங்களக் குடும்பத்தை நடுவில் வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். அதன்பிறகு ஆபிரிக்காவில் வல்லரசுகள் நடத்திய சுரண்டலைப் பற்றி நூல் எழுதினார். 'இவர் நல்லவரா, கெட்டவரா' என்று ஒப்படையில் எழுதி அடிக்கோடு போடுகிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு புள்ளியும் தரமாட்டேன். அதிகாரத்தின் உள்ளே இருந்து பார்த்தவருக்கு எது தெரிந்தது, அதனாலேயே எது மறைந்தது என்று எழுதுங்கள்.

5. காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வர்க்கம் கதைகளில் கணக்காகவே ஒளிந்திருக்கும். சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மிஞ்சிய ஒரு பங்கைத்தான் மூச்சடக்கி இறங்கினவரும், மேலே கயிறு பிடித்தவரும், வள்ளத்துக்காரரும் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்தால்தான் ஒரு கதையில் வருகிற முத்துமாலைக்கு உண்மையான பாரம் வரும்.

பேசாலை எஸ்.ஏ. உதயனின் 'லோமியா' நாவலை எடுத்தாலும் இப்படித்தான். கடலின் அழகைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வராதீர்கள். வலை யாருடையது, வள்ளம் யாருடையது, சம்மாட்டி யார், முற்பணம் வாங்கியவர் யார், பாடு இல்லாத நாளில் யார் வீட்டில் உலை ஏறாது என்று பாருங்கள்.

வயற்காட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கக் கூட்டம் வைப்பார்கள். போய்ப் பார்த்திருக்கிறீர்களா? காணிக்காரர் கதிரையில் இருப்பார்கள், அதிகாரிகள் மேசைக்குப் பின்னால். அந்த வயலில் நாற்றுப் பிடுங்கி, களை எடுத்து, மூட்டை சுமக்கிற கூலிப் பெண்கள் அங்கே இல்லை. ஏக்கர் குறைந்தால் முதலில் வேலை இழப்பது அவர்கள்தான், ஆனால் அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஒரு நாவலில் யாருடைய தலைவிதி யார் இல்லாத அறையில் தீர்மானிக்கப்படுகிறது என்று தேடுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

6. இனி சாதி. உங்கள் ஒப்படைகளில் வெள்ளையர் கறுப்பரை எந்த வாசலால் வரவிட்டார்கள், எந்தக் கோப்பையில் குடிக்க விட்டார்கள் என்று நுணுக்கமாக எழுதுகிறீர்கள். அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'நம் சமூகத்தில் இப்போது சாதி பார்ப்பதில்லை' என்று ஒரு வரி. கல்யாணப் பேச்சுக் காலத்தில் உங்கள் வீட்டு அடுப்படியில் தாழ்ந்த குரலில் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அந்த வரியை எழுதுங்கள்.

என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதையைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். சில பக்கம்தான். முற்போக்காகப் பேசுகிற, ஊரில் மதிப்புள்ள ஒரு மனிதர். அவரைத் தேடி ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை, கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை, விரட்டவுமில்லை. வெளியே நிலவு நன்றாக இருக்கிறது, அங்கே போய் இருந்து பேசலாம் என்கிறார். அவ்வளவுதான். வீட்டுக்குள் விட மனமில்லை, அதைச் சொல்லவும் மனமில்லை, நிலவு உதவிக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கதையை ஏன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறேன்? இதில் கெட்டவன் இல்லை. சாட்டை இல்லை, இரத்தம் இல்லை. நல்ல பழக்கமும் இனிய பேச்சும் ரசனையும் சேர்ந்து ஒரு வேலியாகி நிற்பதை ரகுநாதன் காட்டினார். கொடுமையைக் கண்டுபிடிப்பது எளிது. மரியாதையின் வேஷத்தில் வருகிற அவமானத்தைக் கண்டுபிடிக்கத்தான் வாசிப்பு வேண்டும். வந்தவர்கள் அந்த உபசரிப்புக்கு என்ன பதில் சொல்ல முடியும்? நன்றி சொல்வதா, கோபிப்பதா? கோபித்தால் மரியாதை தெரியாதவர்கள் ஆகிவிடுவார்கள். இந்த இக்கட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதக்கூடிய பிள்ளைதான் இனவாதம் பற்றியும் எழுதத் தகுதி பெறுகிறது.

அதற்குப் பிறகு டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்', கே. டானியலின் 'பஞ்சமர்'. ஜீவா யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தகம் நடத்திக்கொண்டு எழுதியவர். 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, கடைகடையாகத் தானே கொண்டு திரிந்து விற்றவர். டானியலின் நாவல் 1972இல் வந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் திறக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்த காலத்தின் சூடு அதில் இருக்கிறது. இவர்கள் எழுத வந்தபோது, இது இலக்கியமா, இழிசனர் பேச்சல்லவா என்று படித்த பெரியவர்கள் எதிர்த்தார்கள். எது நல்ல தமிழ் என்ற சண்டைக்குள்ளும் யார் மனிதர் என்ற சண்டை இருந்தது. இதை எழுதுங்கள். கோயில் வாசலை மட்டும் எழுதாமல், நம் கத்தோலிக்க ஊர்களில் சாதி பார்த்த கதைகளையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வேதத்துக்கு வந்ததோடு எல்லாம் முடிந்தது என்பது சரியில்லை.

7. 'அந்தக் காலம் அப்படித்தான்' என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு காலத்திலும் அநியாயத்தை எதிர்த்து நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1924இல் தொடங்கி, பிற்காலத்தில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற இளைஞர் இயக்கம், பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும், ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று போராடியது. நூறு ஆண்டுக்கு முன்பே அப்படி நினைக்க முடிந்தது என்றால், நினைக்காதவர்களுக்குக் காலத்தைச் சாட்டாக்க முடியாது.

8. மலையகத்து எழுத்தை 'வேறு பகுதி' என்று ஒதுக்காதீர்கள். அந்த மக்களின் கதை நம் மண்ணில் தொடங்குகிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்து செத்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் தலைமன்னார்ப் பாலம் அவர்களின் வாசலானது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', ஸி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', ஒரு லயன் அறைக்குள் குடும்பம் முழுவதும் படுத்தெழும்ப வேண்டியதன் வேதனையைச் சொல்கிற தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' ஆகியவற்றைச் சேர்த்து வாசியுங்கள்.

வாசிக்கும்போது 1948, 1964 என்ற இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். வேலுப்பிள்ளை 1947இல் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் சேர்ந்த ஒருவரிடமும் எந்தப் பக்கம் போக விருப்பம் என்று கேட்கவில்லை.

பிறகு 1977 கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். நம் ஆட்களில் சிலர் அவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்று சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் பெற்றோர். ஒரே மொழி, அநேகமாக ஒரே சாமி. இருந்தும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இனம், வர்க்கம், சாதி மூன்றும் ஒரே வசைச்சொல்லில் முடிச்சுப் போட்டுக் கிடப்பதை இங்கே பார்க்கலாம். அதை அவிழ்த்துக் காட்டினால் உங்கள் ஒப்படைக்கு வேறெந்த உதாரணமும் தேவைப்படாது.

9. 1990 ஒக்டோபர். இதை எழுதத் தயங்குகிறீர்கள், எனக்குத் தெரியும். வடக்கிலிருந்த முஸ்லிம் சனங்களை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களிலிருந்து குழந்தை குட்டிகளோடு வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. நாம் பட்ட அநியாயத்தை எழுதுகிற எழுத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் தமிழில் எழுதிய ஒரு போர்க்கால நாவலைக் கையில் எடுத்தால், அந்த ஒக்டோபர் அதில் எத்தனை பக்கம் என்று பாருங்கள். 'அவர்களும் எங்களுக்குச் செய்தார்கள்தானே' என்ற பதில் உங்கள் மனதில் எழும்பும். அதையும் கொப்பியில் எழுதி, அது அறமா, அறத்தைத் தள்ளிப்போடுகிற வழியா என்று நீங்களே விசாரியுங்கள். வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற முஸ்லிம் பிள்ளை உங்கள் ஒப்படையை வாசிக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

10. ஒப்படையை 'சமத்துவம் மலரட்டும்' என்று முடிக்காதீர்கள். அப்படி எழுதிய கையோடு எல்லாம் சரியாகிவிட்டது போல ஒரு திருப்தி வந்துவிடும். முடிவில்லாமல் நிற்கிற கேள்வியை முடிவில்லாமலே விடுங்கள். கதையிலிருந்து சான்று காட்டுங்கள். பிறமொழிக் கோட்பாட்டாளரின் பெயர் ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும், அதுவும் அவர் உண்மையில் உதவினால் மட்டும். நீங்கள் யார், எந்த வீட்டில், எந்தச் சாதியில், எவ்வளவு காணியோடு பிறந்தவர் என்பதை உங்களுக்காவது மறைக்காமல் தெரிந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

11. அடுத்த முறை வரும்போது ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். ரகுநாதனின் கதையில் அந்த இரவு, வீட்டுக்காரரோடு நிலவில் இருந்து பேசிவிட்டுத் திரும்பிப் போகிறவர்களில் ஒருவராக உங்களை வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். அவரை அழவைக்க வேண்டாம், பிரசங்கம் பண்ண வைக்கவும் வேண்டாம். வழியில் கூட வருகிறவரிடம் என்ன சொல்லியிருப்பார், வீட்டில் பெண்சாதி கேட்டபோது போன காரியம் பற்றி என்ன சொன்னார், அடுத்த கூட்டத்துக்கு அந்த மனிதரின் பேச்சைக் கேட்கப் போனாரா என்பதை மட்டும் எழுதுங்கள். பெரும்போக விதைப்பு முடிந்தபின் எனக்கு நேரம் இருக்கும். எல்லாருடையதையும் உரக்க வாசித்து, ஆளுக்காள் கதைப்போம்.